கோயில் வீதியா, மண்டப மேடையா?

யாழ்ப்பாணத்து நடிகருக்கு இரண்டு களங்கள்: கோயில் வீதி இசை நாடகம், வீரசிங்கம் மண்டபம் போன்ற இடங்களில் நவீன நாடகம்.

இசை நாடகத்தில் பாட்டின் அடி மறந்தால் ஆர்மோனியக்காரர் சுருதியை இழுத்துப் பிடிப்பார். பாடிய வரியையே வேறு சங்கதியில் பாடித் தப்பலாம். இசை நாடக நடிகர் வி. வி. வைரமுத்து புகழ்பெற வைத்த, அரிச்சந்திரன் கதையான மயான காண்டம் போன்றவை சனத்துக்கு மனப்பாடம், அதனால் மன்னித்துவிடுவார்கள். மழை வந்தால்தான் கஷ்டம்.

மண்டபத்தில் மழைப் பயமில்லை. ஆனால் ஒருவர் ஒரு வரியைத் தாண்டினால் அடுத்தவர் திகைத்து நிற்பார். ஒருமுறை நடுக்காட்சியில் எங்களுக்குக் கரண்ட் போனது. இருட்டில் பேசிக்கொண்டே இருந்தேன். முன்வரிசையில் யாரோ ரோச் அடித்தார், அந்த வெளிச்சத்திலேயே முடித்தோம்.

சரி, புதியவருக்கு எது? கோயில் வீதிதான். “பயப்படாதை தம்பி, ஆர்மோனியப் பெட்டி இருக்கு” என்று சொல்ல அங்கே ஒருவர் இருப்பார்.