கண்ணாடி மாற்றியும் பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால் கடையில் நிற்காதீர்கள்

மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். பலகையில் எழுதுவது "நடுவில் மட்டும் அழிந்துபோகிறது" என்றான். சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். பத்து நிமிடச் சோதனை, 420 ரிங்கிட் கண்ணாடி. தெரியவில்லை என்றதும் பவரை மாற்றி இன்னொன்று. மூன்றாம் முறை கடைக்காரர், "அக்கா, பையன் படிக்கப் பிடிக்காமல் நடிக்கிறான்" என்றார். கண் நரம்புக்குப் பலம் என்று, அதிக அளவு வைட்டமின் ஏ உள்ள மாத்திரைகளையும் தலையில் கட்டினார். நம்பினேன். பிள்ளையை அடித்தும்விட்டேன்.

ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன்: என் முகம் தெரிவதற்காக அவன் என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளே அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போனோம்.

கண் மருத்துவர் முதலில் எடுத்தது ஊசித்துளைகள் போட்ட ஒரு கறுப்புத் தட்டு. துளை வழியே பார்த்தால் எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியில் சரியாகும் குறை. இவனுக்கு ஒரு வரிகூடத் தெளியவில்லை. இந்த ஒரு நிமிடச் சோதனையைக் கடையில் செய்திருக்கக் கூடாதா? பிறகு சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் படமெடுத்தார்கள். வெளிச்சம் பட்டதும் அதில் எழும் மின் சைகையையும் அளந்தார்கள்.

ஸ்டார்கார்ட் நோய். 1909இல் ஒரு ஜெர்மானிய மருத்துவர் விவரித்தது. விழித்திரையின் மையம் கெட்டுப்போகும்; நேராகப் பார்ப்பது அழிந்து, ஓரத்தால்தான் தெரியும். அதனால்தான் என் காதைப் பார்த்திருக்கிறான். தொடக்கத்தில் விழித்திரை சாதாரணமாகவே தெரியலாம் என்பதால், நடிக்கிறான் என்ற பட்டம் பல பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதாம். பெரும்பாலும் ஏபிசிஏ4 மரபணுவில் உள்ள பழுது, தாய் தந்தை இருவர் வழியாகவும் வருவது. "சொந்தத்தில் திருமணமா?" என்று கேட்டார். நான் அத்தை மகனைக் கட்டியவள்.

மாத்திரைப் புட்டியை நீட்டினேன். "இன்றோடு நிறுத்துங்கள்" என்றார். இந்த நோயில் வைட்டமின் ஏவிலிருந்து உண்டாகும் கழிவுதான் விழித்திரையில் தேங்குகிறது. சாப்பாட்டில் கீரை, கேரட் இருக்கலாம், மாத்திரை கூடாது. காசு கொடுத்து, என் கையாலேயே எட்டு மாதம் ஊட்டியிருக்கிறேன்.

குணமாக்கும் மருந்து இல்லை என்றார். முன்பே வந்திருந்தாலும் குணமாக்கியிருக்க முடியாதுதான். ஆனால் மூளையில் கட்டி வளர்ந்து பார்வை நரம்பை அழுத்தினாலும் பார்வை இப்படி மங்கலாம். அதுவாக இருந்திருந்தால் அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவது?

புட்டியும் மூன்று ரசீதுகளும் பத்திரமாக இருக்கின்றன. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மகளுக்கும் அடுத்த மாதம் விழித்திரைச் சோதனை.