நான்கு சக்கர ரோபோ கார் கிட்: போட்டி சீசனுக்குத் தாங்குமா?

பள்ளி ரோபோட்டிக்ஸ் அணிக்கு முதல் வண்டி வேண்டும் என்று சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் பெரும்பாலும் இந்தக் கிட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். இரண்டு அக்ரிலிக் தட்டு, மஞ்சள் பி.ஓ. (பேட்டரியில் ஓடும்) மோட்டார் நான்கு, 65 மி.மீ. சக்கரங்கள், வண்டியின் மூளையான ஆர்டுயினோ ஊனோ போர்டு, மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் எல்298என் டிரைவர், ஹெச்.சி.05 ப்ளூடூத், பேட்டரி பெட்டி, ஒரு கற்றை ஜம்பர் வயர். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை அணிகளுக்கு இது கைக்கெட்டும் தூரம்தான். மெட்ரோவில் ஏறினால் ரயில் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

கற்றுக்கொள்ள நல்ல கிட். வந்தபடியே போட்டிக்கு எடுத்துப் போனால் முதல் சுற்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். பேட்டரியையும் டிரைவரையும் மாற்றி, வயரிங்கைச் சரியாகச் செய்தால் சீசன் முழுக்க ஓடும்.

முதலில் பேட்டரி. சில கிட்களில் 9 வோல்ட் பேட்டரி கிளிப் வரும். அந்தச் சின்னப் பேட்டரி நான்கு மோட்டார் இழுக்கும் கரன்ட்டைத் தராது. அதை மல்டிமீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். 18650 என்ற லித்தியம் செல் இரண்டைத் தொடரில் போட்டால் 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. செல் மேல் 9900 எம்.ஏ.ஹெச். (செல்லின் கொள்ளளவு) என்று அச்சிட்டிருந்தால் பொய். இந்த அளவு செல்லில் 3500-ஐத் தாண்டுவதே அரிது. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்றில் பேட்டரி பெட்டியின் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். செல் நன்றாக இருந்தும் வண்டி திக்கித் திக்கி ஓடினால் முதலில் அங்கே பாருங்கள்.

அடுத்து, கிட்டின் பெரிய பலவீனமான எல்298என். உள்ளே இருப்பது பழைய பைபோலார் டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 2 வோல்ட்டை அதுவே விழுங்கி ஹீட்சிங்கில் சூடாக்கிவிடும். பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கும்போது மோட்டாருக்குக் கிடைப்பது 5தான். கடைசி சுற்றில் வண்டி தளர்வது இதனால்தான். வோல்ட்டேஜைக் குறைவாகவே விழுங்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வகையான டிபி6612 டிரைவர் போர்டு இரண்டு வாங்கி, போர்டுக்கு இரண்டு சேனல் என்ற கணக்கில் மோட்டாருக்கு ஒரு சேனல் கொடுங்கள். சேனலுக்குத் தொடர்ச்சியாக 1.2 ஆம்பியர் தாங்கும். போர்டை விழிக்க வைக்கும் ஸ்டாண்ட்பை பின்னை 5 வோல்ட்டில் கட்டாவிட்டால் ஒரு சக்கரமும் அசையாது. போர்டு செத்துவிட்டது என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும். இன்னொன்று: இப்போது வோல்ட்டேஜ் விழாததால் 6 வோல்ட் மோட்டாருக்கு 8.4 போய்விடும். புரோகிராமில் மோட்டாருக்குப் போகும் சக்தியை 0 முதல் 255 வரை கூட்டிக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். மதிப்பை 180-க்கு மேல் விடாதீர்கள். ரோபோ சாக்கர் போல முட்டித் தள்ளும் ஆட்டம் என்றால் இந்த மோட்டாரே போதாது. பிளாஸ்டிக் பல்சக்கரம் வழுக்கும். உலோக கியர் மோட்டாருக்குப் போய்விடுங்கள்.

வண்டி கிளம்பும் நொடியில் ஊனோ ரீசெட் ஆகிறதா? மோட்டார் இழுக்கும்போது பேட்டரி வோல்ட்டேஜ் சரிந்து, போர்டின் ரெகுலேட்டருக்குப் போதாமல் போகிறது. வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் பக் கன்வர்ட்டர் ஒன்றை மல்டிமீட்டரில் பார்த்து 5 வோல்ட்டுக்குத் திருகிவிட்டு, அதன் பிறகே ஊனோவின் 5 வோல்ட் பின்னில் கொடுங்கள். கிரவுண்ட் (மைனஸ்) வயர் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும். ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கும் நடுவே 104 என்று அச்சிட்ட (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கப்பாசிட்டர் ஒன்று சால்டர் செய்தால் மின் இரைச்சல் அடங்கும். மோட்டாரின் செம்புத் தகடு லேசில் ஒடியும், சால்டர் செய்ததும் வயரை மோட்டார் உடம்போடு பசை வைத்து ஒட்டிவிடுங்கள். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகிற வண்டியில் ஜம்பர் வயர் கழலாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ப்ளூடூத் நன்றாகவே வேலை செய்கிறது, ஆண்ட்ராய்டு போனில் மட்டும், ஐபோனோடு சேராது. ஆனால் அரங்கில் எல்லா அணியின் மாடியூலும் ஹெச்.சி.05 என்ற ஒரே பெயரில், 1234 என்ற ஒரே கடவு எண்ணோடு நிற்கும். மாடியூலின் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் கொடுத்தால் விளக்கு இரண்டு நொடிக்கு ஒருமுறை மெதுவாக மின்னும். அப்போது 38400 பாட் வேகத்தில் பெயரையும் எண்ணையும் மாற்றிவிடலாம். அதன் ஆர்.எக்ஸ். (சிக்னலை வாங்கும்) பின் 3.3 வோல்ட்டுக்கானது. ஊனோவின் சிக்னலை 1 கே, 2 கே ரெசிஸ்டர் வழியாகப் பிரித்துக் கொடுங்கள். ஊனோவின் 0, 1 பின்களில் மாட்டியிருந்தால் புரோகிராம் ஏற்றும்போது கழற்ற வேண்டும்.

அக்ரிலிக் தட்டு பரவாயில்லை. மேலே ஒட்டிய பழுப்புத் தாளை உரித்துவிடுங்கள். மோட்டார் பிடிக்கும் டி வடிவத் துண்டில் எம்3 திருகை இறுக்கினால் விரிசல் விடும். கைக்குப் பிடித்ததும் கால் சுற்று, அத்தோடு நிறுத்துங்கள்.

எஃப்.டி.சி. (ஃபர்ஸ்ட் டெக் சாலஞ்ச்) என்ற சர்வதேசப் பள்ளி ரோபோட்டிக்ஸ் போட்டிக்குப் போகும் அணி இதை வாங்கிப் பயனில்லை. அங்கே கன்ட்ரோலர், மோட்டார், பேட்டரி எல்லாம் விதியில் அனுமதித்தவைதான் இருக்க வேண்டும், தொடக்கத்தில் ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். புதிதாகச் சேரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வயரிங் பழக வேண்டுமானால் ஒரு கிட் போதும்.