கைப்பிடி இல்லாத சமையலறை: புழங்கிப் பார்த்த பிறகு

என் நாத்தனார் ஓசூரில் வீடு கட்டுகிறார். மரவேலை தொடங்கப் போகிறது. "உங்கள் வீட்டில் இருப்பதுபோல் கைப்பிடி இல்லாமலேயே போட்டுவிடட்டுமா அண்ணி?" என்று போனில் கேட்டார். நேற்றுதான் ஆசாரி வந்து இரண்டு கதவுகளை மாற்றிவிட்டுப் போயிருந்தார். அந்த எரிச்சலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டேன். விளக்கமான பதில் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மேடைக்குக் கீழே அலமாரித் தட்டுகளே இல்லாமல் முழுக்க இழுப்பறைகளாகப் போட்டதுதான் எங்கள் சமையலறையின் உயிர். பழைய வீட்டில் இட்லிப் பானையை எடுக்க வேண்டுமென்றால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன்னால் இருக்கும் எல்லாப் பாத்திரங்களையும் வெளியே எடுத்து வைத்து, தலையை உள்ளே விட வேண்டும். இப்போது இழுத்தால் இழுப்பறை முழு ஆழத்துக்கும் வெளியே வந்து நிற்கிறது. முட்டிவலிக்காரரான என் மாமியார் நின்றபடியே எடுக்கிறார். நான்கு வருடங்களுக்கு மேலாகியும், குக்கர்களும் இரும்புத் தோசைக்கல்லும் அடுக்கிய இழுப்பறைகூடத் தொய்யவில்லை. அதற்குச் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் தகும்.

ஆனால் அந்த இழுப்பறையைத் திறக்கும் வழிதான் வினை. மேடைக்கு அடியில் நீளவாக்கில் ஓர் அலுமினியப் பள்ளம் ஓடுகிறது. கடைக்காரர்கள் இதைக் கோலா புரொஃபைல் என்பார்கள். மேலே ஒன்று, இரண்டு இழுப்பறைகளுக்கு நடுவில் இன்னொன்று. அதற்குள் விரல்களை விட்டுக் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். படத்தில் பார்த்தால் கோடு போட்டதுபோல் அவ்வளவு அழகு.

நம் சமையலில் கை எப்போது உலர்ந்திருக்கிறது? மாவு கரைத்த கை, புளி பிழிந்த கை, மீன் கழுவிய கை. கைப்பிடியாக இருந்தால் சுண்டுவிரலை மாட்டி இழுத்துவிடலாம். பிறகு ஒரு துடைப்பில் சுத்தமாகிவிடும். இங்கே நான்கு விரல்களும் உள்ளே போக வேண்டும். கையில் இருப்பதெல்லாம் பள்ளத்தில் தங்கும். போதாததற்கு மேடையில் சிந்தும் மோரும் மாவும் விளிம்பில் வழிந்து நேரே அங்கேதான் இறங்குகின்றன. தோசைமாவு காய்ந்து பொருக்குத் தட்டினால் துணி உள்ளே எட்டாது. ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி, மூலைவரை நெருடி எடுக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் எறும்பு வரிசை கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இதைச் செய்யாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு இல்லை.

இப்போது மாற்றிய கதவுகளும் இதனால் கெட்டவைதான். கதவுகளுக்குப் பின்னால் இருக்கும் பெட்டிகளுக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலைப்படியான பிளைவுட் போட்டோம். 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டிய தரம் அது. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பளபளக்கும் அக்ரிலிக் கதவுக்கு உள்ளே இருப்பது மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை. ஈரவிரல் தினமும் உரசும் அதே மேல்விளிம்பில் ஒட்டியிருந்த பட்டை (எட்ஜ் பேண்ட்) பிரிந்து, தண்ணீர் இறங்கி, பலகை உப்பிவிட்டது. விற்ற கடையில் கேட்டால், ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவில் ஈரம் படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சமையலறை குறுகல். இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் நகர இடமிருக்காது. கைப்பிடி இல்லாததால் இடுப்பில் இடிபடுவதில்லை, புடவைத் தலைப்பு மாட்டுவதில்லை, ஓடி வரும் குழந்தையின் நெற்றிக்கும் பயமில்லை. இது சின்ன விஷயமல்ல.

மேடைக் கல்லைப் பற்றியும் நாத்தனார் கேட்டார். வெள்ளை குவார்ட்ஸ் வேண்டாம். அதில் கல்தூளைப் பிடித்து வைத்திருப்பது பிசின். கொதிக்கும் குக்கரை நேராக இறக்கினால் அந்த இடம் நிறம் மாறலாம், விரிசலும் விடலாம். அறுக்கும் தொழிலாளிகளின் நுரையீரலை அந்தத் தூள் பாதிக்கிறது என்று ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து அதைத் தடையே செய்துவிட்டது. கிரானைட்டையும் தூள் மூச்சில் போகாமல் அறுப்பது அவசியம்தான் என்றாலும், குவார்ட்ஸில் சிலிக்கா மிக அதிகம். எங்கள் கறுப்புக் கிரானைட் மேடையில் மஞ்சள் கறைகூட நின்றதில்லை.

1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் சமையலறை வடிவமைத்தபோது, வேலை செய்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று கணக்குப் பார்த்தார். இன்றைய மாடுலர் சமையலறைக்கு முன்னோடி அதுதான். கோலா பள்ளத்தை வரைந்தவர் ஒருமுறை மாவுக்கையோடு அதைத் திறந்து பார்த்திருக்கலாம்.

இழுப்பறையை இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். ஆனாலும் இதே சமையலறையை அப்படியே போடட்டுமா என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அடுப்புக்கும் சிங்க்குக்கும் கீழே கட்டாயம் கைப்பிடி வையுங்கள். நுனி நீட்டிக்கொண்டிராமல் இரண்டு முனையும் கதவோடு சேர்ந்து வளைந்த ஸ்டீல் கைப்பிடியாக வாங்கினால் புடவை மாட்டாது. ஆசை தீரவில்லையென்றால் மளிகை வைக்கும் உயர அலமாரிக்கு மட்டும் புரொஃபைல் போட்டுக்கொள்ளுங்கள். மேடைக் கல்லின் முன்விளிம்புக்கு அடியில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளக் கோடு (காடி) வெட்டச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் உள்ளே திரும்பாமல் தரையில் சொட்டிவிடும். கல் பதித்த பிறகு அதைச் செய்வது கஷ்டம், அதனால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.