பூனைக்குத் தெள்ளுப்பூச்சி: தைலமா, சொட்டு மருந்தா, சீப்பா?

பூனையின் வாலடியில் ரோமத்தை விலக்கினால் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாகப் பொடி தெரிகிறதா? ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம்.

பலரும் முதலில் தேடுவது டீ ட்ரீ ஆயில், யூகலிப்டஸ் தைலம், கிராம்புத் தைலம். 'இயற்கை' என்ற ஒரு சொல் போதுமே! தைலத்துக்குப் பூச்சியைக் கொல்லும் சக்தி உண்டுதான், ஆனால் அது பூனையையும் விடாது. இவற்றிலுள்ள ஃபீனால், டெர்பீன் வகைப் பொருள்களை நீரில் கரையும்படி மாற்றி வெளியேற்றும் குளுக்குரோனிடேஷன் வேலை பூனையின் ஈரலில் மிகவும் மந்தம். போதாக்குறைக்கு, தோலில் தடவியதையெல்லாம் நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும். 2002 முதல் 2012 வரை அமெரிக்க விலங்கு நச்சு மையம் ஒன்றில் பதிவான அடர் டீ ட்ரீ ஆயில் பாதிப்புகள் 443. அவற்றில் 106 பூனைகள். உடலில் பட்ட அளவு 0.1 மி.லி. முதல் 85 மி.லி. வரை. 0.1 மி.லி. என்றால் ஏறக்குறைய இரண்டே சொட்டு. 2 முதல் 12 மணி நேரத்துக்குள் எச்சில் வடிதல், தள்ளாட்டம், நடுக்கம் தொடங்கி, மூன்று நாள் வரை நீடித்திருக்கிறது. தேங்காயெண்ணெயில் கலந்தால் தோல் எரிச்சல் குறையலாம். நக்குவது குறையாது, எண்ணெய் ருசிக்குக் கூடவே நக்கும். அல்ட்ராசோனிக் டிஃப்யூசரும் நுண்துளிகளாகத் தைலத்தைத் தூவி ரோமத்தில்தான் படியவைக்கிறது.

தைலத்தைவிட மோசமானது நாய்க்கான சொட்டு மருந்து. சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி 45 முதல் 65 சதவீதம் வரை இருக்கும். பூனைக்குப் போட்டால் சில மணி நேரத்தில் தசை துடித்து வலிப்பு வரலாம். மருந்து காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலும் ஆபத்துதான்.

பூனைக்கென்றே உள்ள செலாமெக்டின், ஃபிப்ரோனில் சொட்டுகள்தான் எங்கள் தேர்வு. 2.6 முதல் 7.5 கிலோ எடைக்கு செலாமெக்டின் 45 மி.கி., மாதம் ஒருமுறை. நக்க எட்டாத பிடரியில், ரோமத்தைப் பிரித்துத் தோலில் விட வேண்டும். ரோமத்தின் மேல் விட்டால் பாதி வீண். ஒரு மாதம் போட்டு நிறுத்திவிட்டு 'மருந்து வேலை செய்யல' என்பவர்கள் ஏராளம். பூச்சிக் கூட்டத்தில் சுமார் 95 சதவீதம் முட்டை, புழு, கூட்டுப்புழுவாக மெத்தையிலும் தரை இடுக்கிலும் இருக்கிறது. மூன்று மாதமாவது தொடர்ந்து போட்டு, விரிப்புகளைச் சுடுநீரில் துவைத்தால்தான் அடங்கும்.

எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குச் சீப்புதான். தலைக்குப் பயன்படுத்தும் நெருக்கமான பேன் சீப்பே போதும். கழுத்திலும் வாலடியிலும் வாரி, சிக்கியதைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும், தினமும் வார வேண்டும்.

ஏற்கெனவே தைலம் தடவியாயிற்றா? பாத்திரம் கழுவும் லிக்விடைச் சில துளி விட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். வெறும் தண்ணீருக்கு எண்ணெய் போகாது. உடல் சூடு சட்டென இறங்கும் என்பதால் உடனே துவட்டித் துண்டில் சுற்றுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். கால்நடை மருத்துவரிடம் போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.