தாய் அடைவோடு நான்கு வருடம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் அக்காவின் போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாண வீட்டுப் படங்களை இரவில் வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க, நான்கு வருடத்துக்கு முன் சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். லினக்ஸில் இன்றும் ஓடுகிறது. பிரதி எடுக்கும் பகுதி ஒரே நாளில் முடிந்தது. எழுதப்போகும் கோப்பின் தாய் அடைவு, அதாவது அந்தக் கோப்பு இருக்கப்போகும் ஃபோல்டர், எந்த டிஸ்க்கில் இருக்கிறது, அங்கே எவ்வளவு இடம் உண்டு என்று பார்க்கும் இருபது வரிகளோடுதான் இன்னும் மல்லுக்கட்டுகிறேன்.

இன்னும் பிறக்காத கோப்பிடம் ஸ்டாட் (கோப்பின் விவரம் தரும் அழைப்பு) கேட்டால் 'அப்படி ஒன்று இல்லை' என்றுதான் வரும். அதனால், கடைசிப் பெயரை நீக்கித் தாய் அடைவின் பாதையைத் தரும் டிர்நேம் கொண்டு பாதையை வெட்டினேன். அது நாம் கொடுக்கும் சரத்தையே மாற்றிவிடும் என்று தெரியாமல் கோப்பின் பெயரைத் தொலைத்தேன். சரி என்று ஸ்ட்ர்டப் போட்டுச் சரத்தை நகல் எடுத்தேன்; பிறகு நகலை விட்டுவிட்டு டிர்நேம் தந்த விடையை ஃப்ரீ செய்தேன் (அதன் நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்). சாய்கோடே இல்லாத பெயருக்கு அது தருவது தன்னிடம் நிலையாக வைத்திருக்கும் ஒற்றைப் புள்ளி; அதை ஃப்ரீ செய்யக் கூடாது. நிரல் அங்கேயே விழுந்தது.

பெரிய அடி ஒரு மழை நாளில். கரண்ட் போய் வந்ததும் கணினி எழும்பிவிட்டது, தனி அடாப்டரில் ஓடும் டிஸ்க் எழும்பவில்லை. டிஸ்க்கை மவுண்ட் செய்யும் (இணைக்கும்) அடைவு மட்டும் வெறுமையாக இருந்தது. நிரல் அதற்குள்ளேயே எழுதி உள் டிஸ்க்கை நிரப்பிவிட்டது.

"தம்பி, டிஸ்க்கிலை ஒண்டும் இல்லையே?" என்றா அக்கா.

அன்றிலிருந்து மவுண்ட் அடைவையும் அதன் இரட்டைப்புள்ளியையும் (தாய் அடைவைக் குறிக்கும் பெயர்) ஸ்டாட் செய்து, எந்தச் சாதனத்தில் இருக்கிறது என்று காட்டும் எஸ்டி_டெவ் எண்களை ஒப்பிடுகிறேன். இரண்டும் ஒன்றென்றால் டிஸ்க் இல்லை, நிறுத்து. இந்த இடத்தில் டிர்நேம் உதவாது. மேசைமுகப்பில் அக்கா வைத்திருக்கும் குறியீட்டு இணைப்பின் வழியாகப் போனால், டிர்நேம் இணைப்பு கிடக்கும் அடைவைத் தரும். இரட்டைப்புள்ளியோ இணைப்பு காட்டும் அடைவின் உண்மையான தாயிடம் போகும். ஆனால் சாதாரணக் கோப்புக்குப் பின்னால் இரட்டைப்புள்ளி போட்டால் 'இது அடைவல்ல' என்று பிழை வரும். ஆகவே கோப்புக்கு டிர்நேம், அடைவுக்கு இரட்டைப்புள்ளி.

இட அளவுக்கு ஸ்டாட்விஎஃப்எஸ் என்ற அழைப்பு. அதில் மொத்தக் காலி இடத்தைச் சொல்லும் எஃப்_பிஃப்ரீயை நம்பாதீர்கள். இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீதத்தை நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கு ஒதுக்கி வைக்கும். 1 டெராபைட் டிஸ்க்கில் அது ஏறக்குறைய 50 ஜிகாபைட். நமக்குரியது, சாதாரணப் பயனருக்குக் கிடைக்கும் பிளாக்குகளின் எண்ணிக்கையான எஃப்_பிஅவெய்ல், அதை அந்த எண்ணிக்கையின் அலகான எஃப்_ஃப்ர்சைஸால் பெருக்க வேண்டும், எஃப்_பிசைஸால் அல்ல.

இப்போது தாய் அடைவை ஒருமுறை திறந்து, அதே விவரிப்பானில் (திறந்ததற்குக் கிடைக்கும் எண்) எஃப்ஸ்டாட்டும் எஃப்ஸ்டாட்விஎஃப்எஸும் பார்த்து, அந்த எண்ணிலிருந்தே கோப்பைத் திறக்கும் ஓபன்அட் கொண்டு எழுதுகிறேன். பார்த்த இடமும் எழுதும் இடமும் மாறிப்போவதில்லை. ஒரு குறை இருக்கிறது: என் லாப்டாப்பின் கோப்பு முறைமையான பிடிஆர்எஃப்எஸில் ஒவ்வொரு துணைத்தொகுதிக்கும் (ஒரே டிஸ்க்கினுள் தனிப் பிரிவு) எஸ்டி_டெவ் வேறாக வருவதால், மவுண்ட் அடைவே ஒரு துணைத்தொகுதியாக இருந்தால் வெளி டிஸ்க் இல்லாமலேயே இருப்பதாக நிரல் நம்புகிறது. ஸ்டூடியோவில் இஎக்ஸ்டி4 என்பதால் அதை இன்னும் தொடவில்லை.