ரோமானியக் காசு சேர்க்க: வெள்ளியா, செம்பா?

ரோமானியக் காசு சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது பேரரசர் திபேரியஸின் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது யாராவது கேட்டால், நான்காம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக் காசிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

வெள்ளியின் அழகே அழகு, மறுக்கவில்லை. 3.8 கிராம் அளவில் எடை, ஏறக்குறைய சுத்த வெள்ளி. கி.பி. 64 வாக்கில்தான் பின்வந்த பேரரசர் நீரோ எடையையும் தரத்தையும் குறைத்தார். முகப்பில் இலைமாலை சூடிய திபேரியஸ். பின்பக்கம் கையில் கிளையோடு அமர்ந்திருக்கும் பெண், அவர் தாய் லிவியா என்பார்கள். கோயம்புத்தூர் வட்டாரப் புதையல்களில் நிறையக் கிடைத்த வகை இது. இங்கிருந்து கப்பலேறிய சரக்குக்கு வந்த பணம் என்று நினைத்தாலே சிலிர்க்கும்.

ஆனால் போலியும் இதில்தான் அதிகம் மாட்டும். நான் முதலில் வாங்கியது வார்ப்புக் காசு, அதாவது முத்திரையால் அடிக்காமல் உருக்கி ஊற்றிய போலி. லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரமெல்லாம் மழுங்கல், பரப்பில் ஊசி குத்தினாற்போல் குழிகள், விளிம்பில் இரு பாதியும் சேர்ந்த கோட்டை அரத்தால் தேய்த்த தடம். இரண்டு மாதச் சேமிப்பு போயிற்று.

செப்புக் காசில் ஏமாந்தாலும் நஷ்டம் சின்னது. நல்ல தெனாரியஸ் ஒன்றின் விலையில் நான்காம் நூற்றாண்டுப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துக் காசு குறைந்தது பத்து வாங்கலாம். சட்டைப் பித்தான் அளவுதான், ஆனால் படிக்க எவ்வளவோ இருக்கிறது. 'குளோரியா எக்ஸெர்கிட்டுஸ்', அதாவது 'படையின் புகழ்' என்று பொறித்த காசை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீரர்கள் ஈட்டியோடு நிற்பார்கள். நடுவே இரண்டு கொடிக்கம்பம் இருந்தால் கி.பி. 330 முதல் 335-க்குள் அடித்தது. ஒன்றுதான் என்றால் அதற்குப் பிந்தியது; காசும் சிறுத்திருக்கும். வீரர்களின் காலடியில், காசு அடித்த அக்கசாலையின் குறி: அந்தியோக்கியாவா, அலெக்ஸாண்டிரியாவா, இன்றைய ஜெர்மனியின் டிரியரா என்று அதுவே சொல்லிவிடும். முதல்முறை அந்தக் குறியை நானே எழுத்துக்கூட்டிப் படித்த இரவு தூக்கமே வரவில்லை. அமெரிக்க நாணயவியல் கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

பராமரிப்பில் மட்டும் வெள்ளிக்கே என் ஓட்டு. கறுத்தாலும் பாலிஷ் போடாமல் விட்டால் போதும். செம்பில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை, உலோகத்தையே அரிக்கும் நோய். அந்தக் காசைத் தனியே பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் பல நாள் ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். சென்னை, நாகை மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வெள்ளி, செம்பு இரண்டுக்குமே ஆகாது.

கரூர் அமராவதி மணலில் கிடைத்தது என்று யாராவது கையில் அள்ளி நீட்டினால் வாங்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதைவிட, கிடைத்த இடம் பதிவாகாமல் போனால் அந்தக் காசு இங்கே எப்படி வந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. பழைய சேகரிப்பிலிருந்து ரசீதோடு வருவதை மட்டும் வாங்குங்கள். பத்துப் பதினைந்து செப்புக் காசைப் படித்துக் கை பழகியபின், அப்புறம் அந்தத் திபேரியஸைத் தேடலாம்.