விறகு பாய்லருக்குத் தண்ணீர் ஃபில்டர்: சில குளிர்காலங்கள் ஓட்டிப் பார்த்தபின்

தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியே அனுப்பி வீட்டைச் சூடாக்கும், வெளியில் நிற்கும் விறகு பாய்லருக்கு ஃபில்டர் தேவையா என்று கேட்டால், கட்டாயம் தேவை என்பேன். ஆனால் அதைப் பிரதான குழாயில் போடாதீர்கள், பைபாஸில், அதாவது பக்கத்தில் பிரியும் கிளைக் குழாயில், போடுங்கள்.

இந்த பாய்லர்களில் பெரும்பாலானவை திறந்த அமைப்பு. விறகு எரியும் பெட்டியைச் சுற்றி நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர் நிற்கும், மேலே காற்றுப்போக்கி திறந்தே இருக்கும். அழுத்தம் ஏறாது என்பது நல்லதுதான். ஆனால் அதே வழியாக ஆக்சிஜனும் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். அப்படி அரிபடும் இரும்பு, ஆக்சிஜன் குறைவான இடங்களில் மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறி, மை போன்ற கறுப்புச் சேறாக அடியில் தங்குகிறது. ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டப் புதுத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கொஞ்சம் கால்சியமும் சேர்ந்து, சூடான தகட்டில் உப்புப் படிவாக ஏறுகிறது.

துருத்தடுப்பு மருந்துதான் கலக்கிறோமே, போதாதா? போதாது. மருந்து உலோகத்தைத் தொட்டால்தான் வேலை செய்யும். சேறு மூடிய இடத்தில் அது உள்ளே போகாது. அங்கேதான் குழி விழுந்து, கடைசியில் தகட்டில் ஊசித்துளை விழுகிறது. ஃபில்டரின் உண்மையான வேலை, மருந்துக்கு வழிவிடுவது.

என் அமைப்பு இது: பம்ப் தள்ளும் பக்கத்தில் ஒரு கிளை பிரித்து, ஃபில்டர் வழியாக விட்டு, திரும்பும் குழாயில் சேர்த்திருக்கிறேன். ஓட்டத்தில் ஒரு சிறு பங்குதான் அதன் வழியே போகிறது. ஆனால் பம்ப் இரவும் பகலும் ஓடுவதால் மொத்தத் தண்ணீரும் திரும்பத் திரும்ப வடிகட்டப்படுகிறது. பிரதான குழாயில் போட்டிருந்தால், கார்ட்ரிட்ஜ் (ஃபில்டர் கூட்டுக்குள் மாற்றிப் போடும் வடிகட்டி உருளை) அடைக்க அடைக்க ஓட்டம் குறையும். வீட்டுக்குச் சூடு வராது, பாய்லர் பக்கம் தண்ணீர் கொதிக்கும். பைபாஸில் அடைத்துக்கொண்டால் வடிகட்டுவது மட்டும்தான் நிற்கும். இருபுறமும் வால்வும் பிரஷர் கேஜும் வைத்திருக்கிறேன். இரண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசம் ஏறினால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வெப்பத் தாங்குதிறன். குடிநீருக்கு விற்கும் சாதாரண பிளாஸ்டிக் கூடு 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். இங்கே ஓடுவது 70, 80 டிகிரித் தண்ணீர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடு, அதற்கேற்ற இபிடிஎம் (சூடு தாங்கும் ரப்பர்) வளையம், ஸ்டீல் உள்குழாயில் பருத்தி நூல் சுற்றிய கார்ட்ரிட்ஜ், இவை இன்றுவரை எனக்குத் தொல்லை தந்ததில்லை. ஆக்டிவேட்டட் கார்பன் கார்ட்ரிட்ஜ் மட்டும் வேண்டாம். மருந்தில் உள்ள சில பொருள்களையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும்.

கார்ட்ரிட்ஜின் துளையளவை 50 மைக்ரானில் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தொடங்கி, 20, பிறகு 5 என்று இறங்கினேன். எடுத்த எடுப்பில் 5 போட்டால் உடனே அடைத்துக்கொள்ளும். முதல் சீசனில் கார்ட்ரிட்ஜ் அடிக்கடி கறுத்தது. அந்தச் சேற்றருகே காந்தம் காட்டினேன், ஒட்டிக்கொண்டது. அதனால் ஒரு காந்த ஃபில்டரும் சேர்த்தேன். நூலில் நழுவிப்போகும் நுண்துகளை அது பிடிக்கிறது. இப்போது ஒரு கார்ட்ரிட்ஜ் ஒரு சீசன் தாங்குகிறது. பாய்லர் தண்ணீரின் சூட்டை மெல்லிய தகடுகள் வழியே வேறு தண்ணீருக்கு மாற்றும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குறுகிய இடுக்குகள் அடைபடாமல் இருப்பது கூடுதல் லாபம்.

நான் எதிர்பார்க்காத பயன் ஒன்று உண்டு: கழற்றிய கார்ட்ரிட்ஜைப் பார்த்தே பாய்லரின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம். வெள்ளை மணலாக இருந்தால் கடினநீர் அதிகம் உள்ளே போகிறது. செம்பழுப்பு என்றால் புது ஆக்சிஜன் புகுகிறது; கசிவைத் தேடுங்கள், நிலத்தடிக் குழாய் ஆக்சிஜன் தடுப்பு உள்ளதுதானா என்று பாருங்கள். திடீரென்று கறுப்பு கூடினால் மருந்தின் அளவையும் பிஹெச்சையும் அன்றே சோதியுங்கள்.

கரைந்த ஆக்சிஜனையும் கரைந்த உப்பையும் இந்த ஃபில்டர் எடுக்காது. நெருப்புப் பக்கத்து அரிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திரும்பும் தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் புகையின் ஈரமும் அமிலமும் தகட்டில் படியும்; அதற்குத் திரும்பும் தண்ணீரின் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டிக் வால்வுதான் வழி.

கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது இரு வால்வையும் மூடி, ஆறவிட்டு, அழுத்தத்தை இறக்கிய பிறகே கூட்டைத் திறக்க வேண்டும். கொட்டும் தண்ணீருக்கு ஈடாக மருந்து கலந்த தண்ணீரையே ஊற்றுங்கள். சீசன் முடிந்ததும் பாய்லரைக் காலி செய்து வைக்காதீர்கள். ஈரத் தகட்டில் காற்றுப் பட்டால் துரு வேகமாகப் பிடிக்கும். அடிவால்வில் வண்டலை மட்டும் இறக்கிவிட்டு, மருந்துத் தண்ணீரை நிரப்பி, அவ்வப்போது பம்பைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிடுங்கள்.